கபசுரமா, கஷாயமா, ஆர்சனிக்கா? ஒரு சர்க்கரைக்காரர் வீட்டுக் கணக்கு

2020 ஏப்ரல் ஊரடங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அப்பாவின் மாத்திரை டப்பாவைச் சுற்றி ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கபசுரக் குடிநீர்ப் பொடி, கஷாயப் பொட்டலம், தெருமுனையில் யாரோ கொடுத்த ஆர்சனிகம் ஆல்பம் என்ற ஹோமியோபதி மருந்துக் குப்பி, பக்கத்து வீட்டு மாமி அனுப்பிய சீந்தில் கொடித் துண்டு. அப்பாவுக்கு 18 வருடமாகச் சர்க்கரை. பிரஷர் அதற்குப் பின்னால் வந்தது. "எல்லாத்தையும் குடிச்சு வைப்போம், எது கேக்குதோ கேக்கட்டும்" என்பது அவர் கட்சி.

எது கொரோனாவைத் தடுக்கும் என்றுதான் அப்போது ஊரே பேசியது. ஏற்கெனவே தினம் நாலு மாத்திரை விழுங்குகிறவர் இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது: இது அந்த மாத்திரையோடு ஒத்துப்போகுமா? இந்த ஒப்பீடு அந்தக் கேள்விக்குத்தான்.

கபசுரத்தையும் நிலவேம்பையும் பலர் ஒன்றென்றே நினைத்தார்கள். நிலவேம்புக் குடிநீரில் 9 சரக்கு. டெங்குக் காலத்திலேயே நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. கபசுரத்தில் 15. திப்பிலி, இலவங்கம், ஆடாதோடை, கற்பூரவள்ளி என்று சளிக்கும் இருமலுக்கும் உரிய சரக்குகள் இதில் கூடுதல். நிலவேம்பு இரண்டிலும் உண்டு. தொண்டையில் தங்குகிற கசப்பு அதனுடையதுதான். 2020 ஏப்ரலில் தமிழக அரசு 'ஆரோக்கியம்' திட்டத்தில் இரண்டையும் கொடுத்தது. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்றுதான் கொடுத்தார்கள். கொரோனாவைக் குணமாக்கும் என்று அல்ல. அந்த வித்தியாசம் வரிசையில் நின்றவர்கள் காதில் எவ்வளவு விழுந்தது என்பது வேறு கதை.

இவை வெறும் கசப்புத் தண்ணீர் அல்ல, மருந்துச் சரக்கு. நிலவேம்புக்குச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கும் குணம் உண்டு என்பதை விலங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவர் வெறும் வயிற்றில் இதைக் குடித்துவிட்டு, இட்லியை ஒன்பதரைக்குத் தள்ளிப்போட்டால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, கை நடுங்கி வேர்த்துக்கொட்ட வாய்ப்பு உண்டு. குடிப்பதானால் வேளைக்குச் சாப்பிட வேண்டும், அளவைக் கூட்டக் கூடாது. சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

அடுத்து, மத்திய ஆயுஷ் அமைச்சகம் சொன்ன கஷாயம்: துளசி, இலவங்கப்பட்டை, சுக்கு, மிளகு. பார்த்தால் இருப்பதிலேயே சாது. எங்கள் வீட்டில் வம்பு செய்தது இதுதான். வேண்டுமானால் வெல்லமோ உலர்திராட்சையோ சேர்க்கலாம் என்று அந்தக் குறிப்பிலேயே இருந்தது. அப்பா முகம் சுளிக்காமல் குடிக்கட்டும் என்று அம்மா வேளைக்கு ஒரு நெல்லிக்காய் அளவு கருப்பட்டி தட்டிப் போட்டாள். பத்தாம் நாள் காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் 212. அதற்கு முன் 140ஐத் தாண்டியதில்லை. "கருப்பட்டி சர்க்கரையில் சேராதே!" என்றாள் அம்மா. உடம்புக்கு அந்தப் பேதம் தெரியாது.

கடைக் கஷாயப் பொடிகள் சிலவற்றில் அதிமதுரமும் சேரும். தொண்டைக்கு இதம்தான். ஆனால் தொடர்ந்து குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிரஷர்காரர், அதிலும் நீர் பிரிவதற்கு மாத்திரை போடுகிறவர், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

ஆர்சனிகம் ஆல்பம் 30 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நூறில் ஒன்றாக 30 முறை நீர்த்த பிறகு அதில் ஆர்சனிக் மிஞ்சுவதில்லை. மிஞ்சுவது இனிப்பு உருண்டை. அப்பாவின் மாத்திரையோடு அது மோதாது, மோத அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் மூன்று நாள் உருண்டை போட்ட தைரியத்தில் அவருடைய மாஸ்க் தாடைக்கு இறங்கிவிட்டது.

ஆவி பிடித்தல் 2021 மே மாதம் தெருவுக்கே வந்தது. பொது இடத்தில் வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் சொல்ல வேண்டியதாயிற்று. மூக்கடைப்புக்கு வீட்டில் பிடிப்பதில் தப்பில்லை. ஆனால் சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர், கொதிக்கிற பாத்திரத்தைத் தரையில் வைத்துப் போர்வைக்குள் உட்காருவதைப் பார்த்தால் எனக்குப் பதறும். நீர் சிந்தினால் சுட்டதே தெரியாது. கொப்புளத்தைப் பார்ப்பது மறுநாளாக இருக்கும், ஆறுவது எப்போது என்று சொல்ல முடியாது.

மாமியின் சீந்தில்தான் எனக்குக் கடைசி இடம். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. சண்டை இருக்கட்டும், எதிர்ப்புச் சக்தியே தன் உடம்பைத் தாக்கும் வகை நோய் இருப்பவர்கள் இதில் துணிய வேண்டாம் என்பது என் கட்சி. கபசுரத்திலும் சீந்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். பதினைந்தில் ஒன்றாக 60 மில்லியில் வருவதும், தண்டை இடித்து தினம் ஒரு டம்ளர் குடிப்பதும் ஒன்றாகிவிடாது.

ஆக என் வரிசை: சாப்பாட்டுக்குப் பிறகு அளவாகக் கபசுரம், இனிப்பில்லாத கஷாயம், மேஜைமேல் பாத்திரம் வைத்து ஆவி. உருண்டை இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சீந்தில் வேண்டாம்.

இத்தனையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஜூன் மாதம் அப்பாவின் டப்பாவைத் திறந்தபோது பிரஷர் மாத்திரை தீர்ந்து 9 நாள் ஆகியிருந்தது. கடைக்குப் போகப் பயம், என்னிடம் சொல்லக் கூச்சம். கபசுரம் மட்டும் ஒரு வேளைகூடத் தவறவில்லை. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்றுதான் தொடங்கியது. "கஷாயம்தான் குடிக்கிறேனே, அது பாத்துக்கும்னு இருந்துட்டேன்" என்றார் அப்பா. அன்று பிரஷர் 170/100.