28 வயது மாருதி 800-ஐ மீட்டெடுத்த அம்பத்தூர் பட்டறை: ஒன்பது மாத அனுபவம்

1997 ஜூலையில் என் தந்தையும் நானும் ஆளுக்குப் பாதி பணம் போட்டு வாங்கிய வெள்ளை மாருதி 800தான் எங்கள் வீட்டின் முதல் கார். நான் ஓட்டப் பழகியதும், அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும், என் மகள் பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்ததும் அதில்தான். 2022-ல் பதிவைப் புதுப்பித்ததோடு சரி, அதன்பின் அது பெரும்பாலும் வாசலில் வேப்பமரத்தடியிலேயே நின்றது. விற்கலாம் என்று விசாரித்தபோது யாரும் 40,000 ரூபாய்க்கு மேல் பேசவில்லை. விற்க மனம் வராததால் 2025 ஜனவரியில் அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டியுள்ள ஒரு சிறு பட்டறையில் முழுமையாகப் புதுப்பிக்கக் கொடுத்தேன்; அக்டோபரில் திரும்ப எடுத்தேன். ஒரே நேரத்தில் மூன்று வண்டிகளுக்கு மேல் எடுக்க முடியாத இடம் என்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். எனவே பெயரைத் தவிர்த்து, வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் நாளே அவர் விலை சொல்லவில்லை. இருக்கைகளையும் தரைவிரிப்பையும் கழற்றி, ஓட்டுநரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். மேலே கறுப்பு நிறத்தில் உறுதியாகத் தெரிந்த தரைத்தகடு அப்பளம்போல் உடைந்து, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி வரை உள்ளே இறங்கியது. அந்தத் துளை வழியே கீழே சிமென்ட் தரை தெரிந்தது. முன்பு வேறொரு பட்டறையில் துருவின் மேலேயே பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசி, அதன்மேல் அண்டர்கோட்டிங் (அடிப்பாகக் கறுப்புப் பூச்சு) அடித்து மறைத்திருந்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "சார், இதை இன்னொரு தடவை மூடிக் கொடுக்கிறது ஒரு வார வேலை. ஆனா ரெண்டு மழைக்குத்தான் தாங்கும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கணும்னா நாலு மாசம் ஆகும். வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். ஜாக்கி வைக்கும் இடங்கள், பேட்டரித் தட்டு, பின் சக்கர வளைவுகள், முன் கண்ணாடிக்கு அடியில் இலைச்சருகு சேரும் பள்ளம் என்று ஒவ்வோர் இடத்தையும் சுரண்டிப் பார்த்து, சாக்பீஸால் வட்டமிட்டு, புகைப்படம் எடுத்து அனுப்பிய பிறகே 1,80,000 ரூபாய் என்று மதிப்பீடு கொடுத்தார். சென்னையின் உப்புக் காற்றில் இத்தனை ஆண்டுகள் நின்ற வண்டியை மீட்க நினைப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தச் சோதனையைத்தான் என்பது என் உறுதியான கருத்து. பெயின்ட் எப்படி இருந்தாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தகட்டை வெட்டி, தட்டி, பற்றவைக்கும் டிங்கர் வேலைதான் இந்தப் பட்டறையின் பெரிய பலம். தரைத்தகட்டில் துருப்பிடித்த பகுதியை நல்ல இரும்பு தென்படும் வரை வெட்டி எடுத்தார்கள். புதுத் தகட்டை அதே வரிப்பள்ளங்களுடன் தட்டி வடிவமைத்து, சிஓ2 வெல்டிங்கில் சிறு சிறு புள்ளிகளாக, இடம் மாற்றி மாற்றிப் பற்றவைத்தார்கள். கேஸ் வெல்டிங்கில் நீளமாக ஒரே இழுப்பில் பற்றவைத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும், நெளிவை மறைக்கப் பட்டியைக் கனமாகப் பூச வேண்டிவரும் என்று மேஸ்திரி விளக்கினார். கதவுகளின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிவதற்காகத் தயாரிப்பிலேயே விடப்பட்டிருந்த துளைகள் பழைய பெயின்டாலும் மண்ணாலும் அடைந்துபோயிருந்தன. அவற்றைத் திறந்து, உள்ளே மெழுகுப் பூச்சு அடித்தார்கள். வெளியில் தெரியவே தெரியாத இந்த வேலைக்கு இரண்டு முழு நாட்கள் செலவிட்டார்கள். அதற்கு நான் மனதார நன்றி சொல்கிறேன்.

இன்ஜின் வேலையும் நேர்மையாக இருந்தது. 68.5 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 72 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) கொண்ட, 796 சிசி கொள்ளளவுள்ள மூன்று சிலிண்டர் இன்ஜின் அது. போரை அளந்து பார்த்து, தேய்மானம் அளவுக்குள்தான் இருக்கிறது, சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர் தேவையில்லை, உட்சுவரை லேசாகத் தேய்க்கும் ஹோனிங் செய்து பிஸ்டன் ரிங் செட் மாற்றினால் போதும் என்றார்கள். என்னிடம் எளிதாக வாங்கியிருக்கக்கூடிய பத்தாயிரம் ரூபாயை அவர்களே வேண்டாம் என்றார்கள். சிலிண்டர் ஹெட்டின் அடிப்பரப்பைச் சமன்படுத்த பேசிங்குக்கு அனுப்பி, வால்வுகள் கசியாமல் பொருந்தும்படி தேய்த்து (லேப்பிங்), டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், எல்லா ஆயில் சீல்களையும் மாற்றினார்கள்.

இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வாகிய தெர்மோஸ்டாட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி சூடாகிறது என்று கொண்டுபோனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப் போடுவது நம் ஊர் மெக்கானிக்குகள் பலரிடம் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம். எங்கள் வண்டியிலும் அப்படித்தான் கழற்றியிருந்தார்கள். எப்போது என்றுகூட எனக்குத் தெரியாது. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் தன் இயல்பான வெப்பநிலையை எட்டாமலேயே ஓடும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் கசடு சேரும், சிலிண்டரும் விரைவில் தேயும். இவர்கள் புதிய தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி, உண்மையான காரணமாகிய அடைத்துப்போன ரேடியேட்டரை மாற்றினார்கள். கார்புரேட்டரைப் பொறுத்தவரை, மிகுனி தொழில்நுட்பத்தில் சென்னையின் யூகால் நிறுவனம் தயாரித்த பழையதையே கழுவி, டயாஃபிரமும் வாஷர்களும் அடங்கிய கிட் போட்டார்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், டேங்க்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள ரப்பர் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றச் சொன்னதும் அவர்கள்தான். கழற்றிய பழைய குழாயை உரிமையாளர் வளைத்துக் காட்டினார். உள்பக்கம் வெடிப்பு வெடிப்பாக இருந்தது. பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருக்கும் எவரும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மாற்றியமைக்கும் விஷயத்தில் நான் பெரிய ஆசையோடுதான் போனேன். ஜென் காரின் 993 சிசி இன்ஜினை வைக்க வேண்டும் என்பது கல்லூரி நாள் கனவு. உரிமையாளர் மறுத்துவிட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவையும், தயாரிப்பாளரின் அசல் வடிவத்திலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் எடுத்துச் சொன்னார். ஆர்.சி.யில் உள்ள விவரமும் வண்டியும் ஒத்துப்போகாவிட்டால் அடுத்த எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுக்கான சோதனையில்) வண்டி நின்றுவிடும், விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது என்றார். அதைவிட எனக்கு உறைத்தது வேறொரு காரணம்: ஏறத்தாழ 650 கிலோ எடையுள்ள இந்த உடலும் அதன் பிரேக்கும் பழைய இன்ஜினுக்கு ஏற்றபடி அமைந்தவை, ஓட்டத்தைக் கூட்டுவதற்கு முன் நிறுத்தத்தைக் கூட்ட வேண்டும்.

ஆகவே செய்த மாற்றங்கள் சிலவே. எங்கள் வண்டியில், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டர் கிடையாது. பிற்கால 800-ல் வந்த பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் பொருத்தினார்கள். என் மனைவி இப்போதுதான் இந்த வண்டியைத் தயங்காமல் எடுத்துச் செல்கிறார் என்பதே அதற்குச் சான்று. தீப்பொறிக்கான பழைய பாயின்ட் செட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்ததில், மழைக்காலக் காலைகளில் சோக் இழுத்துக் காத்திருந்த நேரம் பாதியாகக் குறைந்தது. முகப்பு விளக்குக்கு எல்.இ.டி. கேட்டேன். அதற்குப் பதிலாக மல்டிமீட்டரை விளக்கின் முனையில் வைத்துக் காட்டினார்கள்: இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட், விளக்கில் 11.4 வோல்ட். மின்சாரம் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகச் சுற்றி வருவதால் வழியிலேயே இரண்டு வோல்ட்டுக்கு மேல் இழப்பு. பேட்டரியிலிருந்து விளக்குக்கு நேராக மின்சாரம் போகும்படி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்துப் புதிய ஒயர் இழுத்ததும் அதே சாதாரண 60/55 வாட் பல்பு 13.3 வோல்ட் பெற்றது. எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்காமல் சாலை தெளிவாகத் தெரிகிறது. மொத்த வேலையிலும் கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்தது இந்த ரிலேதான்.

டயர் மட்டும் நான் பிடிவாதம் பிடித்து மாற்றியது. 145/70 ஆர்12-க்குப் பதில், பக்கச்சுவர் உயரமான 145/80 ஆர்12 போட்டோம். ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகே சம்மதித்தார்கள். தரையிலிருந்து உயரம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடியது. நான்கு கியர் வண்டிக்கு நெடுஞ்சாலையில் இரைச்சல் சற்றுக் குறைந்தது. ஆனால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் 84-85 இருக்கும். மேம்பாலம் ஏறும்போது முன்பைவிடச் சீக்கிரம் மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பழைய அளவே சரி என்று அவர்கள் சொன்னதை நான் கேட்டிருக்கலாம்.

உதிரிப் பாகங்களுக்கு அலைச்சல் அதிகமில்லை. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை 25 லட்சத்துக்கு மேல் தயாரான வண்டி ஆதலால், புதியவை ஜி.பி. ரோட்டிலும் பழையவை புதுப்பேட்டையிலும் கிடைத்தன.

குறைகளும் உண்டு. நான்கு மாதம் என்றது ஒன்பது மாதமானது. அதில் ஏப்ரல், மே இரண்டு மாதங்கள் வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை; டிங்கர் ஊருக்குப் போய்விட்டார் என்பதை நான் நேரில் போய்த்தான் தெரிந்துகொண்டேன். தாமதத்தைவிட, அதைச் சொல்லாமல் விட்டதுதான் எனக்கு வருத்தம். செலவு 2,31,000 ரூபாயில் முடிந்தது. கூடிய 51,000-ல் பூஸ்டர், டயர், இருக்கை ஆகியவை நான் பின்னர் சேர்த்தவை என்றாலும், மீதம் ஏறத்தாழ 15,000 ரூபாய்க்கு முன்கூட்டியே ஒப்புதல் கேட்டிருக்க வேண்டும். கூரையின் ஓரத்தில் பெயின்ட் ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாக இருக்கிறது. வெளியே தைக்கக் கொடுத்த இருக்கைகளின் ஃபோம் கெட்டியாக உள்ளது. நீண்ட பயணத்தில் முதுகு வலிக்கிறது. முதல் பெருமழையில் முன் கண்ணாடி ரப்பர் வழியே தண்ணீர் கசிந்தது. மறுநாளே வீட்டுக்கு ஆள் அனுப்பி, கண்ணாடியைக் கழற்றிப் புது ரப்பர் போட்டுக் கொடுத்தார்கள், பணம் வாங்கவில்லை.

ஒரு சிறிய விஷயத்தையும் குறிப்பிட வேண்டும். டேஷ்போர்டின் மேல் இடப்பக்கத்தில் இரண்டு திருகுத் துளைகள் இருந்தன. ஏ.சி. இல்லாத வண்டியில் அம்மாவுக்குக் காற்று வேண்டும் என்று 1998 கோடையில் தந்தை தம் கையாலேயே ஒரு குட்டி மின்விசிறியைப் பொருத்திய இடம் அது. டேஷ்போர்டைச் சரிசெய்யும்போது அந்த இரண்டு துளைகளையும் அடைக்கவா என்று உரிமையாளர் தொலைபேசியில் கேட்டார். கேட்காமல் அடைத்திருந்தால் நான் குறைசொல்ல முடியாது. எவர் கண்ணுக்கும் அது பழுதுதான். காரணத்தைச் சொன்னேன். அவர் துளைகளை அப்படியே விட்டதோடு, புதுப்பேட்டையில் தேடி அதே அளவில் ஒரு பழைய 12 வோல்ட் விசிறியையும் வாங்கி வைத்திருந்தார்.

அவசரமாக வண்டி வேண்டும் என்பவர்களுக்கும், தோற்றத்தை அடியோடு மாற்ற விரும்புகிறவர்களுக்கும் இந்த இடம் ஏற்றதல்ல. செலவழித்த தொகை விற்பனையில் திரும்பாது என்பதையும் தெரிந்தே இறங்க வேண்டும். பதிவுப் புதுப்பிப்புக் கட்டணமே 2017-ல் 600 ரூபாயாக இருந்து 2022-ல் 5,000 ஆயிற்று. இப்போது 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000. எங்களுக்கு 2027-ல் அது காத்திருக்கிறது. எழுத்தில் மதிப்பீடும் வாரம் ஒரு புகைப்படமும் கேட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தால், வண்டியை நம்பி ஒப்படைக்கலாம்.

இதுவரை 1,400 கி.மீ. ஓட்டியிருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போய் வந்ததில் லிட்டருக்கு 17 கி.மீ. கிடைத்தது. ஆயிரம் கி.மீ. சர்வீஸுக்குக் கொண்டுபோனபோது ஆயிலை மாற்றி, டாப்பெட் (வால்வு) இடைவெளியைச் சரிபார்த்தார்கள். பிறகு உரிமையாளர், நான் கேட்காமலேயே, தரைவிரிப்பை விலக்கி, புதுத் தகட்டின் பற்றவைப்பு நெடுகிலும் டார்ச் அடித்து, விரலால் தடவிப் பார்த்தார். மழைக்காலம் பாதி கழிந்திருந்தது. விரலில் ஈரம் படவில்லை.