பீட் நிலத்தைக் காக்க மூன்று வழிகள்: என் ஓட்டு சேகோ பனைக்கு

இந்தோனேசியாவின் பீட் நிலம் என்பது பல்லாயிரம் ஆண்டுகளாகத் தண்ணீரில் ஊறி, மட்காமல் கிடக்கும் இலையும் வேரும் மரமும்தான். சில இடங்களில் ஆழம் பத்து மீட்டரைத் தாண்டும். தண்ணீரை வடித்துவிட்டால் அது மட்கி, கார்பனைக் காற்றில் விடும். தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தொண்ணூறுகளில் அப்போதைய அதிபர் சுகார்த்தோவின் அரசு, போர்னியோ தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானின் மத்திய மாகாணத்தில் பத்து லட்சம் ஹெக்டேரில் நெல் விளைவிக்கிறேன் என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியது. நெல் விளையவில்லை. 1997-இல் காடு எரிந்ததுதான் மிச்சம்.

சரி, இனி என்ன வழி? ஒன்று, காட்டுக்குக் காவல் போட்டு, வெளியேறாமல் தடுத்த கார்பனைக் கணக்கிட்டு, தங்கள் மாசுக்கு ஈடு தேடும் நிறுவனங்களுக்கு விற்பது. அதே மத்திய கலிமந்தானின் கத்திங்கானில் சுமார் ஒன்றரை லட்சம் ஹெக்டேரில் இது நடக்கிறது. மிஞ்சி நிற்கும் காட்டுக்கு இது நல்ல அரண். ஆனால் விலை எங்கோ தீர்மானமாகிறது. அது சரிந்தால் ஊருக்கு வரும் பணமும் சரியும்.

இரண்டாவது, எண்ணெய்ப் பனையை வைத்துக்கொண்டே கால்வாயை அடைத்து நீரை உயர்த்துவது. நீர்மட்டம் தரைக்குக் கீழே 40 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது என்பது அரசு விதி. மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும் மரத்தைச் சிறு விவசாயி எப்படி விடுவார்? அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 40 சென்டிமீட்டர் மண் மட்கிக்கொண்டேதான் இருக்கும். தரையும் ஆண்டுக்காண்டு தாழும்.

மூன்றாவது, ஈரத்திலேயே வளரும் சேகோ பனை. நம் ஊர் ஜவ்வரிசி மரவள்ளி மாவில் செய்வது. அசல் மாவு இந்தப் பனையின் தண்டுச் சோற்றில், அதாவது தண்டுக்குள் இருக்கும் மென்மையான பகுதியில் இருக்கிறது. ரியாவ் மாகாணத்தின் சுங்கை தோஹோர் கிராமத்தில் தண்டை ஆளுயரத்துக்கும் குறைவான துண்டுகளாக அறுத்து, தண்ணீரில் மிதக்கவிட்டு ஆலைக்கு இழுத்துப்போவார்கள். அங்கே சோற்றைத் துருவி, நீரில் பிசைந்து கரைத்து, வெள்ளை மாவு அடியில் தங்கும்வரை விடுவார்கள். தோட்ட நிறுவனங்களின் கால்வாய்கள் நீரை வடித்தபோது ஊராரின் சேகோ தோப்பே எரிந்தது. 2014 நவம்பரில் அதிபர் ஜோகோ விடோடோ அங்கே போய், ஊராரோடு சேர்ந்து கால்வாயை அடைத்தார். மற்ற இரண்டு வழிகளிலும் யாராவது கண்காணிக்க வேண்டும். இங்கே தண்ணீர் நிற்பது ஊராருக்கே சோறு.

குறை ஒன்று உண்டு: முதல் அறுவடைக்குப் பத்து ஆண்டுபோல ஆகும். அப்புறம் பக்கக் கன்றுகள் தொடர்ந்து வரும். கார்பன் பணத்தை அந்தப் பத்து ஆண்டுக்கு நட்டவர் கையிலேயே கொடுக்கட்டும்.