காந்தப் பின்ன வட்டுகள்: கலப்புப் பின்னக் கழித்தலுக்கு ஒரு பெட்டி போதுமா?

3 1/4 போல முழு எண்ணும் பின்னமும் சேர்ந்த கலப்புப் பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் உதவும் என்ற அறிவிப்புடன் இணையக் கடைகளில் விற்கப்படும் காந்தப் பின்ன வட்டுகளை ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக வாங்கினேன். ஏறக்குறைய ஒரே பொருளைப் பலரும் வெவ்வேறு பெயர்களில் விற்பதால் பெட்டியின் மேலிருக்கும் பெயரை இங்கே சொல்வதில் பயனில்லை. 51 துண்டுகள் என்று அட்டையில் போட்டிருந்தால் அநேகமாக இதே வகைதான். அதில் ஒரு முழு வட்டமும், முறையே 2, 3, 4, 5, 6, 8, 10, 12 சம பாகங்களாக வெட்டப்பட்ட எட்டு வட்டங்களும் இருக்கின்றன. ஒவ்வொரு வட்டத்திற்கும் ஒரு தனி நிறம் உண்டு. விலை ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

பொருளின் தரத்தில் பெரிய குறை சொல்ல முடியாது. பீரோக் கதவில் ஒட்டினால் நழுவாமல் நிற்கிறது. பன்னிரண்டில் ஒரு பங்கான துண்டின் கூர்முனை மட்டும் சில நாட்களிலேயே மடங்கத் தொடங்கியது.

ஒன்றுக்குக் குறைவான தகு பின்னங்களைப் பொறுத்தவரை இது கொடுத்த காசுக்குத் தகுந்த பொருள். ஒரு அரைத் துண்டின் மேல் இரண்டு கால் துண்டுகளையோ நான்கு அரைக்கால் துண்டுகளையோ வைத்து, ஓரங்கள் இம்மியும் பிசகாமல் பொருந்துவதைப் பார்க்கும் பிள்ளைக்குச் சமான பின்னம் என்றால் என்னவென்று தனியாக விளக்க வேண்டியதில்லை. பகுதி, அதாவது பின்னத்தில் கீழே உள்ள எண், பெரிதானால் பின்னம் பெரிது என்று நினைக்கும் பிள்ளையிடம், ஐந்தில் ஒன்றையும் எட்டில் ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டினாலே போதும்.

ஆனால் நான் இதை வாங்கியது கலப்புப் பின்னக் கழித்தலுக்காக. அங்கேதான் ஒற்றைப் பெட்டி கைவிடுகிறது. 3 1/4 இலிருந்து 1 3/4 ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முழு வட்டங்கள் வேண்டும். பெட்டியில் இருப்பது ஒன்றே ஒன்று. இரண்டு அரைகளைச் சேர்த்து ஒரு முழுதாகவும், மூன்று மூன்றிலொரு பங்குகளைச் சேர்த்து இன்னொரு முழுதாகவும் வைத்துச் சமாளித்துவிடலாம். அடுத்து, கால் துண்டு ஒன்றிலிருந்து மூன்றை எடுக்க முடியாது என்பதால் ஒரு முழு வட்டத்தை நான்கு கால்களாக மாற்ற வேண்டும். அப்போது கையில் ஐந்து கால் துண்டுகள் இருக்க வேண்டும். பெட்டியில் இருப்பவையோ நான்கு. இது இந்த ஒரு கணக்கில் மட்டும் நேரும் தற்செயல் அன்று. இப்படி முழு எண்ணிலிருந்து கடன் வாங்க வேண்டிய எந்தக் கணக்கிலும் பின்னப் பாகம் ஒன்றை எட்டும் அல்லது தாண்டும்; தாண்டும்போதெல்லாம் ஒரு வட்டத்தின் துண்டுகள் போதாமல் போகும். குறைகிற காலுக்குப் பதில் இரண்டு அரைக்கால்களை வைக்கலாம் என்றாலும், கடன் வாங்குதலையே அப்போதுதான் புரிந்துகொள்ள முயலும் பிள்ளையிடம் அந்த நேரத்தில் நிறத்தையும் அளவையும் மாற்றிக் காட்டுவது குழப்பத்தையே கூட்டும்.

ஆகவே இரண்டாவது பெட்டி ஒன்று வாங்கினேன். கடன் வாங்கிய பிறகும் பின்னத்தின் தொகுதி (மேலே உள்ள எண்) பகுதியின் இருமடங்கைத் தொடாது என்பதால், பின்னப் பாகத்துக்கு இரண்டு பெட்டிகளே போதும். முழு வட்டங்களை மட்டும் கெட்டி அட்டையில் அதே அளவுக்கு வெட்டிக்கொண்டேன். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் பொருள் தன் வேலையைச் செய்தது. சிறியதிலிருந்து பெரியதை எடுக்க முடியவில்லை என்றவுடன் பெரியதிலிருந்து சிறியதை எடுத்து 2 2/4 என்று எழுதுவது இந்தப் பாடத்தில் பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழை. பீரோக் கதவில் துண்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தால் மிச்சம் ஒரு முழுதும் இரண்டு கால்களும்தான், அதாவது ஒன்றரைதான் என்பது மறுக்க முடியாதபடி தெரிந்துவிடுகிறது. இதைவிடப் பிடிவாதமானது இன்னொரு பிழை. முழு எண் கழித்தலில் கடன் வாங்கினால் பத்து வரும் என்று ஆண்டுக்கணக்கில் பழகிய கை, இங்கேயும் 3 1/4 ஐ 2 11/4 என்று எழுதிவிடும். முழு வட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கால் துண்டுகளை அடுக்கும்போது, நான்குக்கு மேல் வைக்க இடமே இல்லை. கடனாக வருவது பத்து அல்ல, அந்தப் பின்னத்தின் பகுதி எதுவோ அதுதான் என்ற விதியை நான் சொல்வதற்கு முன்பே மகள் சொல்லிவிட்டாள்.

பகுதிகள் வேறுபடும் வேற்றினப் பின்னங்களில் பயன் பாதிதான். 4 1/3 இலிருந்து 2 3/4 ஐக் கழிக்கும்போது மூன்றில் ஒரு பங்கை நான்கு பன்னிரண்டிலொரு துண்டுகளாகவும், முக்காலை ஒன்பது துண்டுகளாகவும் மாற்றி, ஒரு முழுதை உடைத்து 3 16/12 ஆக்கி, விடை 1 7/12 என்பதைத் துண்டுகளிலேயே காட்டிவிடலாம். ஆனால் காலும் ஐந்தில் ஒன்றும் சேர்ந்து வந்தால் பொதுப் பகுதி 20. மூன்றில் ஒன்றும் ஐந்தில் ஒன்றும் வந்தால் 15. ஆறில் ஒன்றும் எட்டில் ஒன்றும் வந்தால் 24. இந்த அளவுகளில் துண்டுகளே கிடையாது. ஏழும் ஒன்பதும் பெட்டியில் இல்லவே இல்லை. பாடநூல் பயிற்சியிலிருந்து கணக்கை அப்படியே எடுத்துச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

உடன் வரும் கையேட்டை நான் பொருட்படுத்தவில்லை. கலப்புப் பின்னக் கழித்தலுக்கு அதில் தரப்பட்டிருக்கும் ஒரே எடுத்துக்காட்டு 2 3/4 இலிருந்து 1 1/4 ஐக் கழிப்பது. கடன் வாங்கும் தேவையே எழாத கணக்கு அது. எளிதானதைத் தேர்ந்து அச்சிட்டார்களா, தங்கள் பெட்டியால் செய்ய முடிந்ததை மட்டும் அச்சிட்டார்களா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

துண்டுகளை எப்போது ஒதுக்கி வைப்பது என்பதையும் பெற்றோர்தான் தீர்மானிக்க வேண்டும். 25 1/6 இலிருந்து 18 5/6 ஐக் கழிக்க யாரும் பீரோவில் வட்டம் ஒட்டப் போவதில்லை. பள்ளியில் பரவலாகப் பழக்கும் தகா பின்ன முறைப்படி, அதாவது முழு எண்ணையும் பின்னத்தோடு சேர்த்து ஒரே பின்னமாக்கி, இதை 151/6 இலிருந்து 113/6 ஐக் கழிப்பதாக மாற்றி, 38/6 என்று கண்டு, வகுத்து, சுருக்கி 6 1/3 என்று எழுதலாம். பிழையற்ற முறைதான், ஆனால் பெருக்கலில் ஒரு இடம் தவறினால் கணக்கு முழுவதும் போய்விடும். துண்டுகளோடு பழகிய பிள்ளை 25 1/6 ஐ 24 7/6 என்று மாற்றி, 24 இலிருந்து 18 போக 6, 7 இலிருந்து 5 போக 2, ஆக 6 2/6 என்று இரண்டே வரியில் முடித்துவிடுகிறது. என் மகள் இப்போது விடையைச் சரிபார்க்க மட்டும் தகா பின்ன முறையை வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த மாற்றத்துக்கு வட்டுகளே காரணம் என்று தயங்காமல் சொல்வேன்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னத்தை அறிமுகப்படுத்த ஒரு பெட்டி போதுமானது. கலப்புப் பின்னக் கழித்தலுக்கென்றே வாங்குபவர்கள் இரண்டு பெட்டிகளுக்கான விலையைக் கணக்கில் வைத்துக்கொள்ளவும். அது மிகுதி என்று தோன்றினால், ஒரு பெட்டியை வாங்கி, கால், ஆறிலொன்று, அரைக்கால், பன்னிரண்டிலொன்று ஆகிய நான்கு வட்டங்களை மட்டும் வண்ண அட்டையில் படியெடுத்து வெட்டிக்கொண்டாலும் பெரும்பாலான கணக்குகள் ஓடிவிடும். தயாரிப்பாளர்கள் கூடுதல் முழு வட்டங்களையும் கால் துண்டுகளையும் தனிப் பொட்டலமாக விற்றால் இந்த வெட்டும் வேலையும் மிச்சமாகும்.