கிரீட் தென்கரை நடை: கைடோடு போவதா, பையை மட்டும் அனுப்பிவிட்டு நடப்பதா, எல்லாம் நாமேவா?

கிரீட் தீவின் தென்மேற்கில் வெள்ளை மலைகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. பாலியோஹோராவிலிருந்து ஹோரா ஸ்ஃபாகியோன் வரை அந்தச் சரிவின் அடியிலேயே, ஈ4 என்ற ஐரோப்பிய நெடும்பாதையின் கடற்கரைக் கிளை ஓடுகிறது. நடுவிலுள்ள அயியா ரூமெலிக்கும் லூத்ரோவுக்கும் வண்டிச் சாலை கிடையாது. படகில் வர வேண்டும், இல்லாவிட்டால் நடந்து வர வேண்டும்.

இங்கே நடக்க வருபவர் முன்னால் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கைடுடன் போகும் குழுப் பயணம். அடுத்தது, அறையையும் லக்கேஜையும் நிறுவனம் பார்த்துக்கொள்ள, நடப்பது மட்டும் நம் பொறுப்பாக இருக்கும் ‘செல்ஃப் கைடட்’ பேக்கேஜ். மூன்றாவது, டிக்கெட் முதல் அறை வரை எல்லாம் நாமே. ஒரு வாரத்துக்கு மொத்தமாக எது நல்லது என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தத் துண்டுக்கு எது என்று கேட்க வேண்டும். ஏனென்றால் இந்தக் கரையில் கைடுக்கு உண்மையிலேயே வேலை இருப்பது ஒரே ஒரு நாள்தான். பல பேக்கேஜ்களில் அந்த நாளே இருப்பதில்லை.

அந்த நாள், அயியா ரூமெலி – சூயியா. பத்து மணி நேரம் பிடிக்கும். மலைமுகடும் பள்ளத்தாக்குமாக ஏறி இறங்கி, டோமாட்டா, த்ரிப்பிட்டி பக்கமாகப் போகும் இந்த வழியில் குறிகள் அரிது, நம்பத்தக்க தண்ணீர் இல்லை, நடுவில் வெளியேறச் சாலை இல்லை. சமரியா தேசியப் பூங்கா எல்லைக்குள் கூடாரம் போடவும் தடை. ஆட்டுத்தடங்கள்தான் பெரிய பொறி. மனிதர் நடக்கும் பாதையைவிட ஆடு நடக்கும் தடம் தெளிவாகத் தெரியும். அதை நம்பிப் போனால் பாறை விளிம்பில் போய் முடியும். போனிலுள்ள ஜிபிஎஸ்ஸும் செங்குத்துப் பாறையடியில் பிசகும். சிக்னல் பாறையில் பட்டுத் திரும்புவதால், நீங்கள் நிற்கும் இடத்தைச் சில பத்து மீட்டர் தள்ளிக் காட்டும். இங்கே சில பத்து மீட்டர் என்பது பள்ளத்தாக்கின் எதிர்ச்சுவராக இருக்கலாம். இந்த வழி தெரிந்த கைடு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். பெரும்பாலான குழுப் பயணங்கள் இந்தத் துண்டைப் படகில் முக்கால் மணி நேரத்தில் தாண்டிவிடுகின்றன. அது தவறில்லை, ஆனால் கைடுக்குப் பணம் கட்டுமுன் நிகழ்ச்சி நிரலில் அந்த நாளுக்கு நேரே ‘படகு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர் எதிர் சமரியா பள்ளத்தாக்கு. குழுப் பயணங்கள் தவறாமல் சேர்க்கும் நாள் இது. 16 கி.மீ. இறக்கம், 1,200 மீட்டருக்கு மேலிருந்து கடல் மட்டம் வரை. பாதையில் காவலர்கள் இருக்கிறார்கள், ஊற்றுகளில் தண்ணீர் பிடிக்கலாம், வழி தவற இடமே இல்லை. இதற்குக் கைடு வைப்பது காசைக் கரியாக்குவது. முழங்கால் வலிதான் இங்கே எதிரி. அதைக் கைடு சுமக்க முடியாது. மே தொடங்கி அக்டோபர் முடிய மட்டுமே திறந்திருக்கும், மழை அடித்தால் அந்த நாட்களிலும் மூடுவார்கள்.

லூத்ரோ – அயியா ரூமெலி துண்டு, கடினத்தில் இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே நிற்கிறது. சுமார் 15 கி.மீ., ஓய்வைச் சேர்க்காமல் ஐந்து, ஆறு மணி நேரம். லீகோஸ் தாண்டியதும் பாதை பாறை மேல் ஏறும்; கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். அங்கே கைத்தடிகளை மடக்கிப் பையில் செருகிவிடுங்கள். மர்மரா கடற்கரைக்குப் பிறகு மீண்டும் ஏற்றம், பிறகு பைன் மரங்கள், பிறகு கடலோரத்தில் கல்லால் கட்டிய பைசாந்தியக் கால அயியோஸ் பாவ்லோஸ் தேவாலயம். அதையொட்டிய மணலும் கூழாங்கல்லும் காலை இழுக்கும். அதனால் திசையை மாற்றி, அயியா ரூமெலியில் இரவு தங்கி, விடிந்ததும் கிழக்கே நடப்பதே எங்கள் தேர்வு. மணல் பகுதி குளிர்ச்சியிலேயே முடிந்துவிடும், களைப்பு தட்டும் நேரத்தில் மர்மரா, லீகோஸ் உணவகங்கள் வரும். காலை வெயில் கண்ணில் அடிக்கும், தொப்பி போதும். செல்ஃப் கைடட் பேக்கேஜ் தன் விலைக்குத் தகுதியாவது இந்த நாளில்தான்: முதுகில் மூன்று லிட்டர் தண்ணீரும் சாப்பாடும் மட்டும், மீதி எல்லாம் படகில்.

ஹோரா ஸ்ஃபாகியோன் – லூத்ரோ இரண்டரை மணி நேர நடை. அனோபோலி போகும் தார்ச்சாலையில் கொண்டை ஊசி வளைவு வரை ஏறினால் இடப்பக்கம் பாதை பிரியும். வலக்கைப் பக்கம் பாறைச்சுவர், இடக்கைப் பக்கம் கடல், நடுவில் செதுக்கிய தடம். மேலே மேயும் ஆடுகள் கல்லைத் தள்ளிவிடும், மழைக்குப் பிறகு கல் தானாகவும் விழும். அந்தப் பகுதியில் நின்று படம் எடுக்கக் கூடாது. அதன் கீழே க்ளிகா நேரா கடற்கரை. கூழாங்கற்களுக்கு அடியில் நன்னீர் ஊற்று கசிகிறது, கடலோரமாகக் கையால் குழி தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். உயரம் என்றால் தலைசுற்றுபவருக்குக் கைடு துணை நின்றாலும் பயன் குறைவு. அவர் லூத்ரோவுக்குப் படகேறுவதே நல்லது.

சூயியா – பாலியோஹோரா வழி எளிது, ஆனால் நீளம். இங்கே கைடின் உபயோகம் வேறு. கி.பி. 365 நிலநடுக்கத்தில் மேற்குக் கிரீட் 9 மீட்டர் வரை மேலெழுந்தது. பழைய கடல்மட்டம் கரைப்பாறைகளில் தலைக்கு மேலே கிடைக்கோடாகத் தெரியும். சொல்லித்தர ஆள் இல்லாவிட்டால் அதைத் தாண்டிப் போய்விடுவோம். இதே வழியில் வரும் லிசோஸ் என்ற பழங்கால ஊரின் இடிபாடுகளில், கிரேக்க மருத்துவக் கடவுள் அஸ்க்லேபியோஸ் கோயிலின் மொசைக் தரையும் அப்படித்தான்.

படகுதான் மூன்று வழிகளுக்கும் பொதுவான சிக்கல். காற்று கடுத்தால் படகு நின்றுவிடும். குழுப் பயணத்தில் மாற்று ஏற்பாடு கைடின் தலைவலி. தனியாகப் போனால் ஒரு நாள் இழப்பு, அறைக்காசு வீண். செல்ஃப் கைடட் ஆட்களுக்குத்தான் இரட்டை அடி: ஆள் ஓர் ஊரில், பை இன்னோர் ஊரில். அதனால் ஒரு மாற்றுடை, மருந்து, பாஸ்போர்ட், ரொக்கம் நான்கும் முதுகுப்பையிலேயே இருக்கட்டும். தனியாகப் போகிறவர் மொத்தச் சுமையை 8 கிலோவுக்குள் அடக்கி, கடைசி நாளுக்கு முன் ஒரு நாளைச் சும்மா விட்டுவைப்பது புத்திசாலித்தனம். தென்கரையிலிருந்து நேரே விமானத்துக்கு ஓடும் திட்டம் வேண்டாம்.

குழுப் பயணத்தில் நாங்கள் காணும் பெரிய குறை நேரம். ஓட்டல் சிற்றுண்டி முடித்து எட்டரைக்குக் கிளம்பினால், மே கடைசியிலேயே நண்பகல் வெயில் நிழலில்லாத ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளும். ஆறரைக்குக் கிளம்ப முடியுமா, ஒரு கைடுக்கு எத்தனை பேர், மெதுவாக நடப்பவர் பின்தங்கினால் அவருடன் யார் நிற்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பன்னிரண்டு பேருக்கு ஒரே கைடு என்றால், யாருக்காவது கால் பிசகிய நிமிடத்திலிருந்து மற்றவர்கள் கைடு இல்லாமல்தான் நிற்கிறார்கள்.

முதல்முறை மலைநடைக்கு வருபவர்களுக்கு நாங்கள் சொல்வது செல்ஃப் கைடட். ஏற்கெனவே கல்பாதையில் நடந்து பழகியவர்கள் எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ளலாம். அயியா ரூமெலி – சூயியா துண்டையும் நடந்தே தீர வேண்டும் என்றால் அந்த ஒரு நாளுக்கு மட்டும் உள்ளூர்க் கைடை அமர்த்துங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையும் நடக்கத் தோதான காலம். அக்டோபர் கழிந்தால் படகும் உணவகமும் குறைந்துவிடும், அப்போது கணக்கு மாறி எல்லா நாளுக்கும் கைடு அவசியமாகிறது. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீட்டில் மலைநடையும் மீட்புச் செலவும் அடங்குமா என்று பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அவசர எண் 112. மலையடிவாரத்தில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால், எந்த வழியாக, எத்தனை மணிக்குள் வருவோம் என்பதை அடுத்த ஊர் அறைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.