மணி மட்டும் காட்டும் வாட்ச்: ஹெச்எம்டி ஜனதா

அம்மாவுக்கு மறதி நோய். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "மணி என்னடி?" என்பாள். ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்ப்பேன். அதில் ஆபீஸ் குரூப் செய்தி ஏதாவது கண்ணில் படும். பதில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், அம்மா கேட்டதை மறந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே நான் அங்கே இல்லாமல் போனேன். அதற்காகத்தான் மணியைத் தவிர வேறெதுவும் காட்டாத ஒரு வாட்ச் தேடினேன்.

ஜனதாவில் தேதிகூடக் கிடையாது. பேட்டரியும் இல்லை, தினமும் சாவி கொடுக்க வேண்டும். 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து வாட்ச் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனமான ஹெச்எம்டியின் வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. அதனால் சந்தையில் பழைய வாட்சுகள்தான் அதிகம். இங்கேதான் நான் ஏமாந்தேன். ஆன்லைனில் 'ஒரிஜினல்' என்று வாங்கிய நீல டயலை ரிப்பேர்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "இது மறுபடி பெயின்ட் அடிச்சதும்மா" என்றார். எழுத்துகள் ஒரு சீராக இல்லை. பளபளக்கும் கலர் டயல் என்றால் வாங்குமுன் நிச்சயம் யாரிடமாவது காட்டுங்கள். பிறகு அவரிடமே சர்வீஸ் செய்த வெள்ளை டயல் ஒன்றை வாங்கினேன். உள்ளே தேய்மானத்தைக் குறைக்கும் 17 கல், டயலில் இந்தி எழுத்தில் 'ஜனதா'.

என்னுடையது நாளுக்கு இரண்டு நிமிடம் பின்தங்குகிறது. எங்களுக்கு அது பரவாயில்லை. கண்ணாடி அக்ரிலிக், சீக்கிரம் கீறல் விழும். டூத்பேஸ்ட் தொட்டுத் துணியால் தேய்த்தால் லேசான கீறல்கள் போய்விடும். தண்ணீர் மட்டும் ஆகவே ஆகாது. அம்மாவைக் குளிப்பாட்டும்போது கழற்றி வைத்துவிடுகிறேன்.

இப்போது அவள் கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துச் சொல்கிறேன், அவ்வளவுதான். கண் மறுபடி அவள் முகத்துக்கு வந்துவிடுகிறது. பத்தாவது தடவை கேட்டாலும் முன்போல எரிச்சல் வருவதில்லை.

ஒரு நாள் என் கையைப் பிடித்து வாட்சைக் காதில் வைத்துக்கொண்டாள். நொடிக்கு 5 'டிக்' சத்தம். வெகுநேரம் கேட்டாள். அப்புறம் அவள் விரல்கள் தாமாகவே சாவியைத் திருக ஆரம்பித்தன. வேலைக்குப் போன காலத்தில் அவளிடமும் சாவி கொடுக்கிற வாட்ச்தான் இருந்தது. இறுகியதும் நிறுத்த வேண்டும், வலிந்து திருகக் கூடாது. நான் சொல்லாமலேயே சரியான இடத்தில் நிறுத்தினாள்.

இப்போது காலையில் சாவி கொடுப்பது அம்மாவின் வேலை. அவள் மறந்த நாளில் நானும் மறந்தால் அன்று ராத்திரி வாட்ச் நின்றுவிடும். மறுநாள் காபி குடித்தபிறகு இருவரும் உட்கார்ந்து மணியைச் சரிசெய்வோம். முள்ளைத் திருப்புவது நான், "போதும்" என்று சொல்வது அவள்.