பப்ஸுக்கு ஷீட்டரா, முழு லைனா?

ஒரு நாளைக்கு ஐந்நூறு பப்ஸ் போடும் கடைக்கு இந்தக் கேள்வியே வராது. உருட்டுக்கட்டை, கல் மேசை, கை பழகிய ஒரு மாஸ்டர் இருந்தால் போதும். எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டி, சேலத்தில் அஸ்தம்பட்டிக்கு ஒரு வண்டி, அம்மாப்பேட்டைக்கு ஒரு வண்டி, ஏற்காட்டுக்கு ஒரு வண்டி என்று சரக்கு கிளம்பத் தொடங்கும்போதுதான் மெஷின் விற்பவர்கள் வாசலுக்கு வருவார்கள். அப்போது எதிரில் இருப்பவை இரண்டு. ஒன்று, மாவுப் பாளத்தை இரண்டு ரோலருக்கு இடையே முன்னும் பின்னும் ஓட்டித் தேய்க்கும் ரிவர்சிபிள் ஷீட்டரும், டிரே அடுக்கிய டிராலியை உள்ளே சுற்றவிட்டுச் சுடும் ரோட்டரி ரேக் ஓவனும். மற்றொன்று, மாவைத் தேய்ப்பது முதல் மடிப்பது, வெட்டுவது, மசாலா வைப்பது, சுடுவது வரை ஒரே ஓட்டமாகச் செய்யும் ஆட்டோமேட்டிக் லைனும், சரக்கைப் பெல்ட்டில் நகர்த்திக்கொண்டே சுடும் டனல் ஓவனும். நாங்கள் முதலாவதை எடுத்தவர்கள். அதனால் கீழே உள்ளதில் சாய்வு இருக்கும், தெரிந்தே படியுங்கள்.

வேகம், ஆள் கணக்கு இரண்டிலும் லைன்தான் ஜெயிக்கும். ஷீட்டரில் இரண்டு பேர் நின்றால் ஒரு ஷிப்டுக்கு 2,500 பப்ஸ் வெளியே வரும். லைன் அதை ஒரு மணி நேரத்தில் தள்ளிவிடும். விலையில் ஷீட்டர் லட்சக் கணக்கு, லைன் கோடிக் கணக்கு. இடமும் அப்படித்தான். ஷீட்டருக்கு மேசை விரித்து மூன்று மீட்டர் நீளம் இருந்தால் ஆயிற்று, லைனுக்குத் தனி ஷெட் வேண்டும். இதெல்லாம் கொட்டேஷனிலேயே தெரிந்துவிடும்.

கொட்டேஷனில் வராத ஒன்று இருக்கிறது. மெஷின் நடுவில் நின்றால் உள்ளே இருக்கும் மாவு என்ன ஆகும்?

ஷீட்டரில் மாவு எப்படிப் போகிறது என்று பார்த்தால் இது புரியும். 5 கிலோ மைதா, 2.6 லிட்டர் குளிர்ந்த தண்ணீர், 80 கிராம் உப்பு, மாவோடு பிசைய 250 கிராம் மார்ஜரின். உள்ளே வைத்து மூட, அடுக்குக்கென்றே வரும் கெட்டியான பப் மார்ஜரின் 2.5 கிலோ. மொத்தம் பத்தரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதை இரண்டு பாளமாக்கினால் ஒன்று 5.2 கிலோ. பாளம் 35 மில்லிமீட்டர் கனத்தில் உள்ளே போகும். ரோலர் இடைவெளியை 26, 20, 15, 11, 8 என்று இறக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்பிலும் கால் பங்குதான் குறையலாம். அவசரத்தில் 20இலிருந்து நேராக 10க்கு இறக்கினால் அடிப்பக்கத்து மாவு கிழிந்து மார்ஜரின் ரோலரில் அப்பிக்கொள்ளும். அதன்பின் லேயரே கிடையாது, பிஸ்கட்தான் வரும். 8 மில்லிமீட்டரில் நான்காக மடித்தால் மறுபடி 32 மில்லிமீட்டர் பாளம். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ். பிறகு 90 டிகிரி திருப்பி வைத்து மறுபடி இழுப்பு. திருப்ப மறந்தால் வெட்டிய சதுரம் ஓவனில் ஒரே பக்கமாகச் சுருங்கி நீள்சதுரமாகிவிடும். இப்படி மூன்று முறை நான்காக மடித்தால் 64 மார்ஜரின் அடுக்கு. கடைசி இழுப்பில் 7 மில்லிமீட்டர் வந்ததும் தகட்டை இரண்டாக வெட்டிவிட வேண்டும், முழுசாக 3.5க்கு இறக்கினால் இரண்டே கால் மீட்டர் நீளம் வரும், 1.2 மீட்டர் மேசை தாங்காது. 55 சென்டிமீட்டர் அகலத்தில் இரு ஓரமும் இரண்டரை சென்டிமீட்டர் கழித்தால் குறுக்கே 5, நீளத்தில் 22, ஆக ஒரு பாளத்துக்கு 110 சதுரம். ஒன்று 42 கிராம். ஓரத்துண்டு கிரீம் ரோலுக்குப் போகும்.

இதில் எந்தக் கட்டத்தில் கரண்ட் போனாலும் ரோலருக்கு நடுவே இருப்பது ஒரே ஒரு பாளம். மற்றவை எல்லாம் ஃப்ரிட்ஜில் 30 மில்லிமீட்டர் கனத்தில், கதவு மூடி, குளிர்ச்சியாக இருக்கும். நின்ற பாளத்தை வெளியே எடுத்து, துணி போர்த்தி உள்ளே வைத்தால் ஒரு மணி நேரம் கழித்துக்கூட அதே பாளத்தில் வேலை தொடரலாம்.

லைனில் கதை வேறு. மாவு நீளமான தகடாக ஓடுகிறது. பம்ப் அதன் மேல் மார்ஜரினைப் பட்டையாகப் பரப்புகிறது, பல ரோலர் கொண்ட தலை அதை மெதுவாக இழுக்கிறது, மடிப்பான் மடிக்கிறது, கடைசியில் 3.5 மில்லிமீட்டர் தகடு கத்திக்குப் போகிறது. எங்கே நின்றாலும் எல்லா இடத்திலும் நின்றுவிடும். 35 மில்லிமீட்டர் பாளத்தைவிட 3.5 மில்லிமீட்டர் தகடு ஏறக்குறைய பத்து மடங்கு வேகமாகச் சூடேறும். சித்திரை வெயிலில் ஷெட் 34 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 டிகிரியில் கிளம்பிய தகடு பத்து நிமிஷம் நின்றாலே 22, 23ஐ எட்டிவிடும். பப் மார்ஜரின் என்றால் உருகாது, ஆனால் மாவைவிட அது இளகிப்போனால் ரோலர் அழுத்தும்போது ஓரத்தால் பிதுங்கி வெளியே வரும். வெண்ணெய் என்றால் பேச்சே வேண்டாம், அத்தனையும் பிசைந்த மாவாகிவிடும். அதனால்தான் லைனுக்கு ஏசி அறை கட்டாயம் என்கிறார்கள். 18 முதல் 20 டிகிரிக்குள் அந்தப் பெரிய ஷெட்டை வைத்திருக்கும் ஏசியின் கரண்ட் பில்லை லைன் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஷீட்டருக்கும் குளிர்ச்சி நல்லதுதான். ஆனால் அதிகாலை மூன்று மணிக்குத் தேய்க்கத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்கும் பழைய வழக்கமே முக்கால்வாசி வேலையைப் பார்த்துவிடுகிறது.

ஓவன் பக்கம் இன்னும் மோசம். டனல் ஓவனின் பெல்ட் சூட்டில் நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே இருக்கும் சரக்கு கருகுவது ஒருபுறம், பெல்ட்டே தொய்ந்து கோணலாகும். கையால் சுற்றும் கிராங்க் வைத்திருப்பதே இதற்காகத்தான். ஓவன் ஆறும்வரை யாராவது சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். டீசலோ கேஸோ பர்னர் வைத்த ரோட்டரி ரேக் ஓவனில் சூடு பர்னரிலிருந்து வருகிறது. கரண்ட் தேவைப்படுவது ஃபேனுக்கும் பர்னர் ஊதலுக்கும் டிராலி சுற்றும் மோட்டாருக்கும் மட்டும், இரண்டு மூன்று கிலோவாட். சின்ன ஜெனரேட்டர் அதை இழுத்துவிடும். 40க்கு 60 சென்டிமீட்டர் டிரே 18, டிரேக்கு 15 பப்ஸ், ஒரு டிராலிக்கு 270. நஷ்டம் வந்தாலும் அந்த 270தான்.

ரேக் ஓவனில் பப்ஸுக்கு ஒரு வம்பு உண்டு. காற்று வேகமாக அடித்தால் மேல் அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும். 220இல் சூடேற்றி, டிராலி உள்ளே போனதும் 200க்கு இறக்கி, முதல் மூன்று நான்கு நிமிஷம் ஃபேனை நிறுத்திவைக்க வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். மொத்தம் 22 முதல் 25 நிமிஷம். பாதியில் கதவைத் திறந்தால் எழுந்தது உட்கார்ந்துவிடும். முட்டை பூசும்போது வெட்டிய விளிம்பில் வழிந்தால் அங்கே அடுக்கு ஒட்டிக்கொள்ளும். இது மெஷினின் குற்றமல்ல.

அடுத்தது மசாலா. லைனில் அதை நாசில் வழியாக வைக்கும் பாகம் டெபாசிட்டர். டெமோவில் எல்லோரும் ஜாம் வைத்துக் காட்டுவார்கள், அழகாக விழும். நம் ஊர் வெங்காய மசாலாவை நீளமாக அரிந்து வதக்கிப் போட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். பொடியாக அரைத்துத்தான் ஊட்ட வேண்டும், ருசி மாறும். சேலத்தில் அதிகம் ஓடும் முட்டை பப்ஸுக்கு அரை முட்டையைக் கவிழ்த்து வைக்கும் வேலை லைனிலும் கையால்தான். பெல்ட் பக்கத்தில் மூன்று பேர் நின்று வைக்க வேண்டும், ஆள் குறையும் என்ற கணக்கு அங்கேயே ஆட்டம் காண்கிறது. சிக்கன் ஓட்டிய பிறகு வெஜ் ஓட்ட வேண்டுமென்றால் டெபாசிட்டரைப் பிரித்துக் கழுவி மாட்ட அரை மணிக்கு மேல் போகும். நானூறு முட்டை, முந்நூறு வெஜ், இருநூறு காளான் என்று சில்லறை சில்லறையாகப் போடும் கடைக்கு லைன் பாதி நேரம் கழுவிக்கொண்டே இருக்கும்.

பராமரிப்பு. ஷீட்டரில் முக்கியமான பாகம் ஸ்கிரேப்பர்: ரோலரில் ஒட்டும் மாவைச் சுரண்டும் தகடு. தினமும் வேலை முடிந்ததும் அதைக் கழற்றி, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி மாட்ட வேண்டும். தண்ணீர் கூடாது, கத்தி அறவே கூடாது. கத்தி போட்ட கோடு ரோலரில் விழுந்தால் அதே கோடு ஒவ்வொரு தகட்டிலும் தெரியும். வாரம் ஒருமுறை ரோலரின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒரு துண்டு மாவை விட்டு, வெர்னியர் அளவுகோலில் கனம் பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கத்து பப்ஸ் கனமாகவும் மறுபக்கத்தது சப்பையாகவும் வரும். காரணம் பெரும்பாலும் இரு பக்க செயினில் ஒன்று பல் தாண்டியிருப்பதுதான். பெல்ட் ஒரு பக்கம் ஓடினால் கடைசி ரோலரின் இரு போல்ட்டையும் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஒரே திருப்பாகத் திருப்பினால் பெல்ட் ஓரம் பிய்ந்துவிடும். கை நுழையாமல் தடுக்கும் கம்பிக் கூண்டின் ஸ்விட்சைக் கம்பி கட்டி ஏமாற்றும் பழக்கம் பல இடத்தில் உண்டு. விரல் போனால் திரும்ப வராது.

இத்தனைக்கும் தேவை பேரிங், செயின், ஸ்ப்ராக்கெட், பெல்ட், ஒரு மோட்டார். விசைத்தறிக்கும் சேகோ ஆலைக்கும் இதே சாமான்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. காலையில் ஸ்ப்ராக்கெட் உடைந்தால் லேத் பட்டறையில் கொடுத்துச் சாயங்காலம் மாட்டிவிடலாம். டிரே, டிராலி எல்லாம் இங்கேயே ஸ்டெயின்லெஸ்ஸில் செய்துகொள்ளலாம். இரும்பாலை இருக்கும் ஊரில் தகட்டு வேலைக்கா பஞ்சம்? லைனில் பழுதாவது மோட்டாரைக் கட்டுப்படுத்தும் செர்வோ டிரைவ், சென்சார், லைனை இயக்கும் பிஎல்சி கணினியின் கார்டு. கார்டு வரும்வரை, அதைப் போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர் வரும்வரை உற்பத்தி பூஜ்யம். ஸ்விட்சர்லாந்தின் ரோண்டோ, ஜப்பானின் ரியான் போன்றவர்களின் லைன்கள் தரத்தில் எங்கோ இருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே ஒரு லைன் வைத்திருப்பவர் அது நிற்கும் நாளுக்கு எப்படியும் ஒரு ஷீட்டர் வாங்கி ஓரமாக வைக்க வேண்டும். விற்கும்போதும் ஷீட்டருக்கு ஆள் உடனே கிடைக்கும். லைனை யார் கழற்றிக்கொண்டு போவார்கள்?

ஏற்காட்டில் மட்டும் என் வாதம் கொஞ்சம் வலுவிழக்கிறது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று. தகடு பத்து நிமிஷம் நின்றாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் அங்கே கூட்டம் சனி, ஞாயிறிலும் மே மாதக் கோடை விழாவிலும்தான். மற்ற நாளில் லைன் தூங்கும். மேலே ஓவன் போடுபவர்களுக்கு வேறு இரண்டு விஷயம். தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், ஆவி சீக்கிரம் கிளம்பும். அடுக்கு எழுந்த பிறகும் நிறம் ஏறாமல் இருக்கும். கீழே சுடும் அளவைவிட 5 முதல் 10 டிகிரி கூட்டிப் பாருங்கள். காற்று அடர்த்தி குறைவு என்பதால், கீழே செட் செய்த பர்னர் அங்கே கரி தள்ளும். காற்றுத் திறப்பைக் கூட்ட வேண்டும். சுட்ட பப்ஸை 20 கொண்டை ஊசி வளைவில் ஏற்றிக்கொண்டு போனால் பாதி உதிர்ந்துதான் சேரும். சேலத்தில் தேய்த்து, வெட்டி, குளிரவைத்து, டிரேயோடு கட்டி ஏற்றி மேலே போய்ச் சுடுவது நல்லது.

ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கு மேல், ஒரே வகை, ஒரே அளவு, பாக்கெட்டில் போட்டு வெளியூர் அனுப்புபவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு லைனே சரியாக இருக்கக்கூடும். எங்கள் கை பழகியது சில்லறை பப்ஸில்தான். இடைப்பட்டவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு: ஷீட்டர் இரண்டு, கூடவே உருளைக் கத்தி வைத்த கட்டிங் டேபிள். வெட்டும் வேலை பாதியாகும், ஒரு ஷீட்டர் நின்றாலும் மற்றது ஓடும்.

லைன்தான் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், டெமோவுக்கு உங்கள் மைதா, உங்கள் மார்ஜரின், உங்கள் மசாலாவையே எடுத்துப் போங்கள். முடிந்தால் ஏப்ரல் மாத மதியத்தில் போங்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் ஸ்விட்சை அணைக்கச் சொல்லி, ஒரு டீ குடித்துவிட்டுப் பதினைந்து நிமிஷம் கழித்துப் போடச் சொல்லுங்கள். அப்போது பெல்ட்டில் இருந்த தகட்டில் வெட்டிய பப்ஸைத் தனி டிரேயில் சுடச் சொல்லி, வெந்ததும் குறுக்கே வெட்டி அடுக்கை எண்ணிப் பாருங்கள்.