எக்ஸ்3 எம்40ஐ: பிரேக் பெடலுக்குக் கால் பழகிய விதம்

பி.எம்.டபிள்யூ எக்ஸ்3 எம்40ஐ எடுத்து ஓராண்டு தாண்டிவிட்டது. இதன் என்ஜினைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். 2998 சிசி, வரிசையாக ஆறு சிலிண்டர், 360 குதிரைத்திறன், 500 என்.எம். டார்க். நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 4.9 விநாடி என்பது கம்பெனிக் கணக்கு. அந்த வேகம் ஒரு வாரத்தில் பழகிவிடும். நாள் பிடித்தது பிரேக்குக்குத்தான். ஹேட்ச்பேக்கிலிருந்தோ செடானிலிருந்தோ இந்த எடையிலும் வேகத்திலும் உள்ள எஸ்.யு.வி.க்கு மாறுகிறவர்கள், பதினைந்து நிமிட டெஸ்ட் டிரைவில் இதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதனால் பிரேக்கை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு முன் ஓட்டியது போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1,100 கிலோ சொச்சம் எடை, முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். எக்ஸ்3 சுமார் 1.9 டன். நாலு பேரும் பெட்டிகளும் ஏறினால் 2.2 டன்னைத் தாண்டும். எம் ஸ்போர்ட் பிரேக், முன் சக்கரங்களில் நான்கு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பகுதி). டயர் முன்னால் 245/45 ஆர்20, பின்னால் 275/40 ஆர்20.

காகிதத்தில் பார்த்தால் எல்லாமே போலோவைவிடப் பெரியது, வலுவானது. ஆனாலும் முதல் சில நாட்கள், கோவை அவினாசி ரோட்டில் சிக்னலுக்கு வரும்போதெல்லாம் 'பிரேக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கிறதோ' என்ற எண்ணம் வந்துகொண்டே இருந்தது. சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்துவிடலாமா என்றுகூட யோசிக்க வைக்கும் உணர்வு அது. இதே கேள்வியை என்னிடம் கேட்ட நண்பர்களும் உண்டு. காரணம் பெடலின் சுபாவம். போலோவில் விரல் நுனியால் தொட்டாலே வண்டி சட்டென்று பிடிக்கும். ஆரம்பத்திலேயே மொத்தப் பிடியும் வந்துவிடும். எக்ஸ்3 பெடல் கெட்டியானது. மேல் பகுதியில் கொஞ்சமாகத்தான் கொடுக்கும், அழுத்த அழுத்தத்தான் பிடி கூடும். போலோவுக்குப் பழகிய கால் அதே அளவு அழுத்திவிட்டு அதே பிடியை எதிர்பார்க்கிறது. வண்டியோ, 'இன்னும் அழுத்து, தருகிறேன்' என்று நிற்கிறது.

இதைப் புரிந்துகொண்டபின் பெடல் பிடித்துப்போனது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் குறைகிறது, நடுவில் எந்தத் தாவலும் இல்லை. இப்போது போலோவை எடுத்தால் அதுதான் பதற்றமாகத் தெரிகிறது.

எடை கூடினால் நிற்கும் தூரமும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அவசரத்துக்கு முழு பலத்தில் பிரேக் போடும்போது இது பெரும்பாலும் சரியில்லை. எடை கூடக்கூட டயர் சாலையை அழுத்தும் விசையும் கூடுகிறது, பிடிமானமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடுகிறது. நல்ல டயரும், ஏ.பி.எஸ்.ஸை (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) வேலை செய்ய வைக்கும் அளவு பலமுள்ள பிரேக்கும் இருந்தால், நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 மீட்டர் அளவில் இரண்டு வண்டியும் நிற்க முடியும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு டிராக் நாளில் இதை முயன்று பார்த்தேன். மூடிய தடத்தில், பின்னால் யாரும் வராதபோது, பெடலை முழுக் காலால் மிதித்தால் இந்த வண்டி நிற்கிற விதம் நம்ப முடியாதது. ஏ.பி.எஸ். காலுக்கடியில் படபடவென்று அடிக்கும். அப்போதும் காலை எடுக்காமல் அழுத்தியே இருக்க வேண்டும். அந்த அடியைக் கால் ஒருமுறையாவது உணர்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்த வண்டி வாங்குகிற ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே இப்படியொரு மூடிய இடத்தில் அதைச் செய்து பார்க்க வேண்டும். ரோட்டில் பிரேக்கைப் பாதியிலேயே விட்டுவிடுகிறவர்கள், அந்தப் படபடப்பில் பயந்து காலைத் தளர்த்துகிறவர்கள்தான்.

ஆக, முழு பிரேக்கில் எடை பெரிய குற்றவாளி கிடையாது. தினசரி ஓட்டத்தில் சிக்கல் எங்கே வருகிறது? வேகம் தெரியாமல் போவதில்.

நீலாம்பூர் பைபாஸில் போலோவில் 80 போனால் காதுக்கே தெரியும். காற்று, டயர், என்ஜின் எல்லாம் சேர்ந்து சொல்லும். எக்ஸ்3யில் உட்கார்ந்திருக்கும் உயரமும் உள்ளே இருக்கும் அமைதியும் சேர்ந்து 110ஐயும் அதே 80 போலக் காட்டுகின்றன. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். போலோ 80இல் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 270 கிலோஜூல். எக்ஸ்3 110இல் போகும்போது சுமார் 890 கிலோஜூல். மூன்று மடங்குக்கும் மேல். இதில் எடையால் வந்தது 1.7 மடங்கு. வேகத்தால் வந்தது 1.9 மடங்கு, ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 'வெயிட்டான வண்டி, அதான் நிக்க மாட்டேங்குது' என்று சொல்கிறவர்கள், வெயிட்டைவிடத் தங்கள் கண்ணுக்குப் படாத அந்த முப்பது கிலோமீட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் ஹெட்-அப் டிஸ்ப்ளேயில் வேகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்து வைத்திருக்கிறேன். கண்ணாடியில் அந்த ஓர் எண் மட்டும் தெரிந்தால் போதும்.

எக்ஸ்டிரைவ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாலு சக்கரமும் இழுக்கிறது என்பதால் மழையில் நம்பிக்கையாகக் கிளம்பலாம். நிற்பதற்கு அது எந்த உதவியும் செய்யாது. எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கிறது. ஈர ரோட்டில் இந்த வண்டி வழுக்காமல் சீறிக் கிளம்புவதால், அதே மாதிரி நிற்கும் என்று மனது தானாக நினைத்துக்கொள்கிறது. அதுதான் ஆபத்து. மழையில் டிஸ்க்கில் படியும் தண்ணீரைத் துடைக்க பேடுகளை (டிஸ்க்கில் உராயும் பட்டைகள்) அவ்வப்போது லேசாகத் தொடவைக்கும் வசதி, வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் இதன் டி.எஸ்.சி. அமைப்பில் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பேடுகளை முன்கூட்டியே டிஸ்க்குக்கு அருகே கொண்டுவந்து தயாராக வைப்பதும் உண்டு. நல்ல வசதிகள்தான், ஆனால் டயருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருப்பதை அவை மாற்றாது.

எங்கள் பக்கத்து கிராம ரோடுகளில் அறுவடை முடிந்ததும் சோளத்தட்டும் கொள்ளும் ரோட்டிலேயே காயப்போடுவார்கள். அதன்மேல் பிரேக் போட்டால் அகல டயராக இருந்தாலும் பிடிமானம் பாதியும் இருக்காது, ஏ.பி.எஸ். உடனே அடிக்க ஆரம்பிக்கும். ஓரத்து மணலிலும் இதே கதை. தூரத்தில் மஞ்சளாகப் பரப்பியிருப்பது தெரிந்தால், தார் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, அதன்மேல் பிரேக்கைத் தொடாமல் உருட்டிப் போவதே வழி.

பின்னால் வருகிறவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த வண்டி 40 மீட்டரில் நிற்கும். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் டவுன் பஸ்ஸோ, ஜல்லி ஏற்றிய டிப்பரோ நிற்காது. பிரேக் பலமாக இருப்பதே நம்மை இடிபட வைக்கலாம். அதனால் நான் மிரரைப் பார்த்துத்தான் பிரேக்கைத் தொடங்குகிறேன். முதலில் லேசாகத் தொட்டால் பின்விளக்கு எரியும், பின்னால் வருகிறவருக்கு ஒரு நொடி கிடைக்கும். பிறகு அழுத்தினால் போதும். நூறில் போகும்போது ஒரு நொடிக்கு 28 மீட்டர் கடக்கிறோம். அந்த 28 மீட்டரை முன்னால் விட்டு வைத்திருந்தால்தான் பின்னால் இருப்பவருக்கு அந்த நொடியைக் கொடுக்க முடியும். முன்னால் இடைவெளி விட்டால் பைக்கும் ஆட்டோவும் புகுந்துவிடும் என்பது உண்மை. புகட்டும். மறுபடி விட்டுக்கொள்கிறேன்.

வண்டிக்குள் இருக்கிறவர்கள் இதை வேறு மாதிரி அளக்கிறார்கள். பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு மீட்டர் கணக்கெல்லாம் தேவையில்லை. "கண்ணு, நிக்கறப்ப ஏன் சாமி இப்படித் தள்ளுது?" என்பார். சீட் உயரம், வண்டியின் எடை மையமும் உயரம். அழுத்தினால் முன்பக்கம் அமுங்கும், நின்றதும் பின்னால் ஒரு உதறு உதறும். பின்சீட்டில் அந்த உதறல்தான் தலையை ஆட்டுகிறது. இதற்கு மருந்து கடைசி ஒரு முழத்தில் இருக்கிறது. வண்டி நிற்கப்போகும் கணத்தில் பெடலைக் கால்வாசி தளர்த்திவிட வேண்டும். முன்பக்கம் மெல்ல எழுந்துகொள்ள, வண்டி நின்றதே தெரியாது. தளர்த்தத்தான் இடம் வேண்டும், அதனால் தொடக்கத்திலேயே நன்றாக அழுத்தி வேகத்தை முதலில் கொன்றுவிட வேண்டும். முதலில் கெட்டியாக, போகப்போக இளக்கமாக. சின்ன வண்டியில் இதற்கு நேர்மாறாக, கடைசியில் போய் அழுத்தினாலும் சமாளித்துவிடலாம். இதில் அது நடக்காது. ஸ்போர்ட் மோடில் சஸ்பென்ஷன் இறுகுவதால் அமுங்கல் குறைகிறது, ஆனால் கோவை ரோட்டில் அம்மாவை வைத்துக்கொண்டு அந்த மோடில் ஓட்ட மனம் வராது. அம்மா இப்போதெல்லாம் தூங்கிவிடுகிறார். எனக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டாம்.

அடுத்து மலை. பிரேக்கின் பலம் வேறு, அதன் தாங்குதிறன் வேறு என்பதை மலை இறக்கம்தான் கற்றுக்கொடுக்கும்.

வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். 2.2 டன் வண்டி 700 மீட்டர் உயரம் இறங்குவதாக வைத்துக்கொண்டால், இறங்கும்போது கரைய வேண்டிய ஆற்றல் சுமார் 15 மெகாஜூல். அதே வண்டியை நூறிலிருந்து நிறுத்த 0.85 மெகாஜூல்தான் ஆகும். அதாவது நூறிலிருந்து பதினேழு பதினெட்டு தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம், அதுவும் காற்று அதிகம் படாத மெது வேகத்தில். உருளும் தடையும் என்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எல்லாம் டிஸ்க்கில் சூடாகத்தான் இறங்கும். போலோவில் டி-யில் போட்டுப் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கியவர்கள் இங்கே அப்படி இறங்கினால் வாசனை வந்துவிடும்.

நான் செய்வது இதுதான். மேலேயே, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் கியர் பேடிலால் இரண்டாம் கியருக்கு இறக்கிவிடுவேன், தேவைப்பட்டால் மூன்று. என்ஜின் சத்தம் கூடும், கூடட்டும். வேகம் ஏறும்போது மட்டும் ஒரே அழுத்தாக அழுத்தி நன்றாகக் குறைத்துவிட்டுக் காலை முழுதாக எடுத்துவிடுவேன். அந்த இடைவெளியில் டிஸ்க் மூச்சு வாங்கும். லேசாகத் தொட்டுக்கொண்டே இறங்குவது மென்மையாக ஓட்டுவதுபோலத் தோன்றும். டிஸ்க்குக்கும் திரவத்துக்கும் அதைவிடக் கெட்டது கிடையாது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ காட்சிமுனையில் வண்டியை நிறுத்தும்போதும், சூடான பேடு டிஸ்க்கின் ஒரே இடத்தைக் கவ்விக்கொண்டு இருக்க விடுவதில்லை. சமதளமான இடமாகப் பார்த்து நிறுத்தி, பார்க்கிங்கில் போட்டுவிட்டுப் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவேன்.

எங்கள் தொழில் ஃபவுண்டரி என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல் அக்கறை. டிஸ்க் கிரே அயர்ன் வார்ப்பு. அதற்குள் செதில் செதிலாக இருக்கும் கிராஃபைட்தான் சூட்டை வேகமாகக் கடத்துகிறது, அதிர்வையும் விழுங்குகிறது. பிரேக் போடும்போது ஸ்டீயரிங் ஆடினால் உடனே 'டிஸ்க் வளைஞ்சிருச்சு' என்று கடைசல் பிடிக்கச் சொல்வார்கள். பல நேரங்களில் டிஸ்க் வளைந்திருக்காது. சூடான பேடின் பொருள் ஒரு பக்கம் கூடுதலாக அப்பிக்கொண்டிருக்கும், அதன் தடிப்பு வித்தியாசம்தான் காலுக்கு வரும். புது பேடு போட்டதும் முதல் சில நூறு கிலோமீட்டர் நடுத்தர வேகத்திலிருந்து படிப்படியாகப் பிரேக் போட்டுப் பழக்கினால், அந்தப் படலம் டிஸ்க் முழுக்கச் சமமாகப் படியும். அவசரப்பட்டுக் கடைசல் பிடித்தால் போவது நல்ல இரும்பு.

பிரேக் திரவத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டாட் 4 திரவத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் காலிப்பருக்குள் திரவம் கொதித்தால் ஆவிக் குமிழி வரும், குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். எவ்வளவு பெரிய காலிப்பர் இருந்தும் அப்போது பயனில்லை. கிலோமீட்டர் ஓடியதோ இல்லையோ, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். நம் ஊர் மழைக்கால ஈரத்துக்கு இது கட்டாயம்.

சின்னக் குறைகளும் உண்டு. முன் சக்கரங்களில் பேடு தூள் கறுப்பாகப் படியும், வாரத்துக்கு ஒருமுறை கழுவினாலும் திரும்ப வரும். காலையில் முதல் ரிவர்ஸில் கீச்சென்று ஒரு சத்தம், இரண்டு அழுத்தில் போய்விடும். ஊர்ந்து போகும் நெரிசலில் கியர் இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் நேரமும் பிரேக்கும் சேரும்போது மெல்லிய குலுக்கல் தெரியும். நின்றதும் பிரேக்கைத் தானாகவே பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டைப் போட்டுவிட்டு, முன்னால் ஒரு கார் நீளம் விழுந்த பிறகு மட்டும் நகர்ந்தால் அதுவும் குறைந்துவிடுகிறது.

பேடு இன்னும் எவ்வளவு ஓடும் என்று ஸ்கிரீனே காட்டுகிறது, இப்போதைக்குக் கவலை இல்லை. அதற்கு முன் பின் டயர்கள் முடிந்துவிடும்போல இருக்கிறது. இப்போது இருப்பவை ரன்ஃபிளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்கள். சாதாரண டயருக்கு மாறினால் சொகுசு கூடும் என்கிறார்கள். எனக்கு மனதில்லை. என் வண்டியில் ஸ்டெப்னி கிடையாது, வால்பாறை ரோட்டில் ராத்திரி பஞ்சராகி நிற்க முடியாது. அதே அளவில், அதே ரன்ஃபிளாட்டில், நாலையும் ஒன்றாகவே மாற்றப்போகிறேன். முன்னால் பாதி தேய்ந்த டயரும் பின்னால் புதுசும் இருந்தால், மழையில் பிரேக் போடும்போது கால் இத்தனை நாள் பழகிய அளவெல்லாம் மாறிவிடும்.